பக்கத்து த்ரெட் மாற்றிய புள்ளி

பிப்ரவரி நெருங்கினால் ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறும். ஒரு தோட்டத்தின் இணையதளம் தமிழ், கன்னடம், ஜெர்மன் மூன்றிலும் ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாச்சி சர்வருக்குள்ளேயே பழைய பிஎச்பி 7 ஓடுகிறது. ஓடும் ஒரே நிரலுக்குள், அதாவது ஒரே பிராசஸில், பல த்ரெட்கள் எனும் இணை இழைகள்; இழைக்கொரு வாடிக்கையாளர்.

ஜெர்மன் பக்கம் திறந்ததும் நிரல் 'செட்லோகேல்' ஆணையை இடுகிறது. ஜெர்மானியர் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா போடுவார்கள். ஆனால் லினக்ஸில் 'லோகேல்' எனப்படும் இந்த அமைப்பு த்ரெட்டுக்குத் தனியாகக் கிடையாது, பிராசஸ் முழுக்கப் பொது. அதே நொடியில் கன்னடப் பக்கத்தில் அத்திப்பள்ளி வியாபாரிக்குத் தயாராகும் பில்லில் 12.5 என்பது 12,5 ஆகிவிடும். நிரலர் அதைக் கமாவால் ஒட்டி சிஎஸ்வி கோப்பில் எழுதியிருந்தால், 12.5 ரூபாய் விலையில் 20 பூ என்ற வரி, விலை 12, எண்ணிக்கை 5 என்று படிக்கப்படும்.

பிழைச்செய்தி எதுவும் வராது.

சிப்காட் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் ஒரே கம்ப்ரசர் லைனில் நாலு பேர் வேலை செய்யும்போது, ஒருவர் தன் கருவிக்காக அழுத்தத்தைக் கூட்டினால் பக்கத்தில் பெயின்ட் அடிப்பவரின் வேலை கெடும். அவர் எதையும் தொட்டிருக்க மாட்டார். இங்கேயும் கதை அதுதான்.

2000-இல் வந்த பிஎச்பி 4, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் பொது மாறிகளின் தனிப் பிரதியைக் கொடுத்தது. லோகேலோ அதற்கும் கீழே, சி நூலகத்தில் இருக்கிறது. இந்த ஆபத்தை பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. அதனால்தான் பலரும் த்ரெட்டே வேண்டாமென்று, ஒரு பிராசஸுக்கு ஒரு வேலை என ஓடும் எஃப்பிஎம் பக்கம் போனார்கள். அது 2010-இல் பிஎச்பியோடு சேர்ந்தது. 2020-இல் பிஎச்பி 8, எண்ணை எழுத்தாக்கும்போது லோகேலைப் பார்ப்பதை நிறுத்தியது. ஆனாலும் பிரிண்ட்எஃப்-இன் '%f' இன்றும் அதைப் பார்க்கும். ஃபிராங்கன்பிஎச்பி என்ற சர்வர் வழியாக த்ரெட்களும் திரும்பி வந்துவிட்டன.

வருத்தம் என்னவென்றால், தளத்தை ஒருமுறை கட்டிக் கொடுத்ததோடு பல இடங்களில் கவனிப்பு நின்றுவிடுகிறது. பிஎச்பி 7.4-க்கான ஆதரவு 2022-இலேயே முடிந்தது. தவறான பில் வந்தால் 'சர்வர் பிராப்ளம், ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பதே பதில். ரீஸ்டார்ட் செய்யாவிட்டாலும் ஜெர்மன் பக்கத்தின் வேலை முடிந்ததுமே லோகேல் பழையபடி ஆகிவிடும், தடயமும் இருக்காது. ஒரே ஆள் சோதிக்கும் மடிக்கணினியில் இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது. நூறு பேர் சேர்ந்து தட்டினால்தான் தெரியும். அந்தச் சோதனைக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை. விலையும் எண்ணிக்கையும் போகிற தளத்துக்கு இது பொறுப்பில்லாத சிக்கனம்.

பார்க்க ஒரு நிமிடம் போதும். பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தில் 'த்ரெட் சேஃப்டி' வரியில் 'எனேபிள்ட்' என்றிருந்தால், நிரலில் செட்லோகேல் எங்கெங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். தொகையை எழுதும் இடங்களில் லோகேலைப் பொருட்படுத்தாத நம்பர்_ஃபார்மட்டை, தசம இடங்களைக் குறிப்பிட்டு, ஆயிரத்துக்கான கமாவை நீக்கிப் போட்டுவிடலாம்.