கார்வெட்: எந்த வருஷத்து வண்டி?

போன எபிசோடில் மஸ்டாங் பற்றிப் பேசினதும், "கார்வெட்டை எப்போ எடுப்பீங்க?"ன்னு பல பேர் கேட்டிருந்தீங்க. இன்னைக்கு அதுதான். ஆனா முழு வரலாறு சொல்லப் போறதில்லை. கார்வெட் வெச்சிருக்கிறவங்க எந்த வருஷத்து வண்டியைக் கொண்டாடுறாங்க, ஏன்? அது மட்டும்தான்.

அமெரிக்காவில் கார்வெட் ஓனர் ஒருத்தர்கிட்ட "என்ன வண்டி?"ன்னு கேட்டா, வருஷத்தையும் சேர்த்துத்தான் சொல்வார். நம்ம பேருக்கு இனிஷியல் மாதிரி. ஷெவ்ரலே அந்த வண்டியில் வருஷா வருஷம் ஏதாவது ஒண்ணை மாத்திக்கிட்டே இருந்தது. அதனால ஒரே மாடலுக்குள்ளயே இது நல்ல வருஷம், அது சுமாரான வருஷம்னு ஒரு பெரிய பஞ்சாயத்து.

முதல் வருஷம் 1953. மொத்தமே 300 வண்டி. எல்லாம் வெள்ளை நிறம், ஃபைபர்கிளாஸ் பாடி, ஆறு சிலிண்டர் இன்ஜின், ரெண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். அபூர்வம்தான், ஆனா ஓட்டுறதுக்கு ஆசைப்பட்டு அதைக் கேட்கிறவங்க குறைவு. 1955-ல் வி8 இன்ஜின் வந்த பிறகுதான் அது நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சு.

அழகுன்னு எடுத்துக்கிட்டா பலரும் கைகாட்டுறது 1963. ஸ்டிங் ரே-ன்னு பேர் வாங்கின முதல் வருஷம். அந்தக் கூப்பேயின் பின்பக்கக் கண்ணாடி ரெண்டா பிரிஞ்சிருக்கும். கூரையிலிருந்து முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டை நடுவில இறங்கி வரும். அது வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செலோட பிடிவாதம். கார்வெட்டை வேகமான வண்டியா மாத்தின இன்ஜினியர் ஜோரா ஆர்க்கஸ்-டன்டோவுக்கு அது சுத்தமா பிடிக்கலை. கண்ணாடியில பார்த்தா பின்னால வர்றது சரியாத் தெரியலைங்கறது அவர் வாதம். நியாயமான வாதம்தான். 1964-ல் பட்டையை எடுத்துட்டு ஒரே கண்ணாடியா போட்டாங்க.

சுவாரசியமே இதுக்கு அப்புறம்தான். 1963 வண்டி வெச்சிருந்த சில பேர், தங்களோடது பழசாத் தெரியுதேன்னு அந்தப் பட்டையை வெட்டி எடுத்துட்டு 1964 கண்ணாடியை மாட்டிக்கிட்டாங்க. காசு கொடுத்துச் செஞ்ச வேலை! இன்னைக்கு அந்தப் பட்டைக்காகத்தான் 1963 கூப்பேக்கு இவ்வளவு விலை. வெட்டினதைத் திரும்ப ஒட்டிக் கொடுக்கிறதும் ஒரு தொழிலாயிடுச்சு.

ஓட்டுறவங்க சொல்ற வருஷம் வேற: 1967. உண்மையில அந்த வண்டி வந்திருக்கவே வேண்டியதில்லை. அந்த வருஷம் புது வடிவம் வரணும்னுதான் திட்டம். காத்தை எதிர்த்துப் போறதுல அதுக்குச் சிக்கல் இருந்ததால ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. சரின்னு பழைய ஸ்டிங் ரேயையே கொஞ்சம் அலங்காரம் குறைச்சு மறுபடி விட்டாங்க. 1965-லயே நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தாச்சு. ஐந்து வருஷமாத் திருத்தித் திருத்திக் கோளாறெல்லாம் போயாச்சு. 427 கியூபிக் இஞ்ச் இன்ஜின்ல 435 ஹார்ஸ்பவர் வரைக்கும் கிடைச்சது. பந்தயத்துக்குன்னே செஞ்ச எல்88 இன்ஜினோட அந்த வருஷம் வெளிவந்தது 20 வண்டிதான்.

20-ன்னு கேட்டதும் உங்களுக்குத் தோணுறது எல்லாருக்கும் தோணும். சாதாரண 1967-ஐ பெரிய இன்ஜின் வண்டியா மாத்தி விற்கிற மோசடி நிறைய நடந்திருக்கு. ஏன்னா, அந்த வருஷத்து சேசிஸ் நம்பர்ல எந்த இன்ஜின்னு இருக்காது. அதனால வாங்குறவங்க இன்ஜின் பிளாக்ல குத்தின நம்பரை லென்ஸ் வெச்சுப் பார்ப்பாங்க. ஃபேக்டரியில பெட்ரோல் டேங்க் மேல ஒட்டின காகிதம் தப்பிப் பிழைச்சிருந்தா, அதுதான் பத்திரம்.

அடுத்து, எல்லாரும் திட்டுற எழுபதுகள். 1970-ல் சாதாரண 350 இன்ஜினுக்கே 300 ஹார்ஸ்பவர், 1975-ல் 165. மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்ஜினைக் கொன்னுடுச்சுன்னு சொல்வாங்க. பாதிதான் உண்மை. 1971-ல் 270, 1972-ல் 200. ஆனா அது ஏறக்குறைய அதே இன்ஜின்! மாறினது அளக்கிற விதம். முன்னாடி இன்ஜினைத் தனியா ஸ்டாண்டில் வெச்சு, சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் இல்லாம அளந்தாங்க. 1972-லிருந்து வண்டியில எப்படி இருக்குமோ அப்படியே அளந்தாங்க. எண்ணெயைப் பாத்திரத்தோட நிறுத்தின கடைக்காரர், இப்போ பாத்திரத்தைக் கழிச்சுட்டு நிறுத்துறார், அவ்வளவுதான். 165-க்கு இறங்கினதுதான் நிஜமான சரிவு.

இந்தக் காரணத்தாலயே என் ஓட்டு 1972-க்கு. முன்னாலயும் பின்னாலயும் குரோம் பம்பர் இருந்த கடைசி வருஷம் அது. 1973-ல் மோதல் பாதுகாப்பு விதி வந்து முன் பம்பர் போச்சு, 1974-ல் பின்னாலயும் போச்சு. காகிதத்தில் 200-னு இருக்கிறதால, முந்தின வருஷ வண்டிகளைத் தேடுறவங்க பலரும் இதைத் தாண்டிப் போயிடுறாங்க. எனக்கு அது வசதிதான்.

இன்னொண்ணு: இவ்வளவு திட்டு வாங்கின காலத்துலதான் விற்பனை உச்சத்துக்குப் போச்சு. 1979-ல் 53,807 வண்டி. இன்னைக்கு ஓனர்கள் கூடுற இடத்தில் அதைப் பற்றி யாரும் உருகுறதில்லை. ஆனா கார்வெட் வாங்கணும்னு கனவு கண்ட எத்தனையோ பேருக்கு முதல்ல கைக்கு எட்டினது அந்த வண்டிதான்.

1983-ன்னு யாராவது சொன்னா சிரிச்சுக்கோங்க. அந்த வருஷ மாடல் விற்பனைக்கே வரலை. சோதனைக்குச் செஞ்ச 43-ல் மிஞ்சின ஒண்ணு கென்டக்கியில, பவுலிங் கிரீன் மியூசியத்தில் இருக்கு.

கடைசியா ஒரு நேயர் கேள்வி: "ஃபைபர்கிளாஸ் பாடிதானே, பழைய வண்டியில துருப் பயம் இல்லையே?" இருக்கு. பாடிதான் ஃபைபர். அடியில ஃபிரேம் இரும்பு. 1963-லிருந்து, கண்ணாடியைச் சுத்தி உள்ளே ஒளிஞ்சிருக்கிற கூண்டும் இரும்பு. வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே அரிச்சுப் போயிருக்கும். எந்த வருஷம் வாங்கினாலும் முதல்ல முன் கண்ணாடியோட கீழ் மூலைகளைப் பாருங்க. அப்புறம் வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்துக்கு முன்னால ஃபிரேமைத் தட்டிப் பாருங்க.