ஆம்பூர் கவர், வாயலூர் கடல்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை எனக்கு. ஞாயிறு விடிந்ததும் குப்பை பொறுக்கச் சாக்கோடு பாலாற்றில் இறங்கி நடப்பேன். பிரியாணிப் பொட்டலத்தோடு வரும் கத்தரிக்காய்த் தொக்குக் கவர்தான் அதிகம் கிடைக்கும்; முடிச்சு அவிழாமல், உள்ளே எண்ணெய் மினுங்கும்.

"ஆறே காய்ஞ்சு கெடக்கு. கடல் எங்கியோ இருக்கு. உனக்கு எதுக்கும்மா இது?" என்பார் ஆடு மேய்க்கும் பெரியவர்.

"2021 கார்த்திகையில வெள்ளம் வந்துச்சே தாத்தா, குப்பையெல்லாம் எங்க போச்சு?"

நந்திமலையில் பிறக்கும் பாலாறு 348 கி.மீ. கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் கடல் சேர்கிறது. கவர் மட்காது, வெயிலில் நொறுங்கித் துகளாகி மீன் வயிற்றுக்குள் போகும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரையில் நடந்து குப்பை பொறுக்குகிறார்கள். நம் பங்கை இங்கேயே பொறுக்கலாமே?

இதே ஆற்றில் கலந்த தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. கவருக்கு யார்மேல் வழக்குப் போடுவது? 2019 முதல் பிளாஸ்டிக் கவருக்குத் தடை இருந்தும், வாங்குவது நாம்தானே!

இப்போது பிரியாணிக்குத் தூக்குவாளியோடு போகிறேன். முதலில் சிரித்த கடைக்காரர், போன வாரம் ஒரு கரண்டி தொக்கு கூடுதலாக ஊற்றினார்.