ஜித்தாவுக்கு ஆறு மணி நேரமா, பதினாறு மணி நேரமா?



உம்ராவுக்குப் பெரியவர்களை அனுப்புகிறவர்கள் நம்மிடம் முதலில் கேட்பது, "விமானத்தில் எத்தனை மணி நேரம்?" என்பதுதான். பெங்களூரு விமான நிலையத்துக்கும் ஜித்தாவுக்கும் நேர்த்தூரம் சுமார் 4,180 கிலோமீட்டர். இடையில் நிற்காத விமானத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். சென்னையிலிருந்து சுமார் 260 கிலோமீட்டர் கூடுதல். நேரத்தில் அரை மணிகூட வித்தியாசம் வராது. திரும்பி வரும்போது மேற்குக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடலாம்.

டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். காலை 10 மணிக்குப் புறப்பட்டு பகல் 1.30க்கு இறங்குவதாக இருக்கும். அது மூன்றரை மணி நேரப் பயணம் அல்ல. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். தேதியையும் கவனியுங்கள். 15ஆம் தேதி அதிகாலை 1 மணி விமானம் என்றால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி பகலில். 15ஆம் தேதி இரவு என்று நினைத்துக்கொண்டால் விமானம் போயே போய்விடும்.

இனி தரை வழி. மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத் தேவனஹள்ளிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். சில்க் போர்டிலும் ஹெப்பாளிலும் மாட்டிக்கொண்டால் நான்கு மணி நேரமும் போதாது. அத்திப்பள்ளியில் வலப்பக்கம் திரும்பி, சர்ஜாபூர், ஹொசகோட்டே வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழையாமல் தப்பிக்கலாம். (ஓசூரிலேயே பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். வரட்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரை இந்தச் சாலைதான்.) வெளிநாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்தில். டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாலையில் நான்கு, விமான நிலையத்தில் மூன்று, வானத்தில் ஆறு, ஜித்தாவில் இமிக்ரேஷனும் பெட்டியும் இரண்டு, மக்காவுக்குப் பஸ்ஸில் ஒன்றரை. ஆக பதினாறு மணி நேரத்துக்கு மேல். விலை குறைவு என்று துபாயிலோ மஸ்கட்டிலோ மாறிப் போகும் டிக்கெட் எடுத்தால், அங்கே காத்திருக்கும் நேரமும் சேரும். எழுபது வயதுக்காரருக்கு அந்த மிச்சம் மிச்சமே அல்ல என்பது நம் எண்ணம்.

சர்க்கரை நோயாளிகள் இந்தப் பதினாறு மணிக்கணக்கை டாக்டரிடம் காட்டி, மாத்திரையும் ஊசியும் எந்த நேரத்தில் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெடக்கூடும்.

இஹ்ராம் துணியை விமானத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கிலோமீட்டர் பறக்கிறது. மீகாத் நெருங்குகிறது என்று அறிவித்த பிறகு கழிவறை வாசலில் பத்துப் பேர் வரிசையில் நின்றால், உங்கள் முறை வருமுன் எல்லை கடந்திருக்கும். துணியைப் பெங்களூரிலேயே உடுத்திக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா சொன்னால் போதும்.