அரசியல் பேசும் விவரணப் படங்கள்



புதுப் படம் வருகிறது என்றால் கதாநாயகன் யார், பாட்டுகள் எப்படி என்று விசாரிப்பது நம் வழக்கம். கதாநாயகனும் சண்டைக் காட்சியும் இல்லாத ஒரு படத்திற்காக மலேசியாவில் ஒரு சாரார் 2006-ஆம் ஆண்டு மே மாதம் ஆவலோடு காத்திருந்தார்கள். 18-ஆம் தேதி திரையரங்குகளுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை.

அப்படத்தின் பெயர் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்', அதாவது 'கடைசிக் கம்யூனிஸ்ட்'. இயக்கியவர் அமீர் முகமட். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராக இருந்த சின் பெங்கைப் பற்றியது. அவர் நமது பேராக் மாநிலத்துச் சித்தியவானில் 1924-இல் பிறந்தவர். விந்தை என்னவென்றால், படத்தில் சின் பெங் தோன்றுவதே இல்லை. அவர் வாழ்ந்த ஊர்களுக்குக் கேமரா போகிறது. அங்கே இருக்கும் சாதாரண மக்கள் தங்கள் பிழைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். இடையிடையே பழைய பிரசாரப் படங்களின் பாணியில் பாட்டுகள் வருகின்றன.

இதில் தடை செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். தணிக்கை வாரியத்திற்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது. பொதுமக்கள் பார்க்குமுன்பே ஒரு மலாய் நாளேட்டில் கண்டனங்கள் கிளம்பின. உள்துறை அமைச்சு படத்திற்குத் தடை விதித்தது. பெர்லின் திரைப்பட விழாவில் அந்நியர்கள் பார்த்த படத்தைச் சித்தியவான்காரர் தம் ஊர்க் கொட்டகையில் பார்க்க முடியாமல் போயிற்று.

ஆனால், அரசியல் விவரணப் படம் நமக்குப் புதிதன்று. சிம்பாங் பூலாய் சந்தியில் நின்றால் வடக்கே ஈப்போ, தெற்கே கோப்பெங், கிழக்கே கேமரன் மலைக்கு ஏறும் சாலை. இந்த வட்டாரத்துப் பழைய தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மாலையில் செய்தி இலாகா வண்டி வரும். திடலில் வெள்ளைத் துணி கட்டுவார்கள். லயத்து ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். 1946-இல் தொடங்கப்பட்ட மலாயாப் படப் பிரிவு தயாரித்த படங்கள் தமிழ் வருணனையோடும் ஓடின. 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தில் அவை காட்டில் இருந்தவர்களுக்கு எதிராக மக்களைத் திரட்டும் கருவியாக இருந்தன. அவையும் ஒரு கட்சியைப் பேசிய அரசியல் படங்களே. மறு கட்சியைப் பேசும் படம் வரும்போதுதான் நமக்கு 'அரசியல்' என்ற சொல் நினைவுக்கு வருகிறது!

கதைப் படத்தில் யாராவது கோபித்தால், "இது கற்பனைதானே" என்று சொல்லித் தப்பலாம். விவரணப் படத்தில் அது முடியாது. அழுகிற முகம் உண்மை முகம். அதிலும், வீட்டில் தனியே பார்ப்பது வேறு; இருட்டில் இருநூறு பேரோடு அமர்ந்து பார்ப்பது வேறு. பக்கத்து நாற்காலிக்காரர் விம்முவது காதில் விழும்.

தமிழர்களுக்கு நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைக் காட்டும் 'நோ ஃபயர் சோன்' என்ற படத்தைக் கேலம் மெக்ரே இயக்கினார். 2009-இல் கைப்பேசிகளிலும் சிறு கேமராக்களிலும் பதிவான காட்சிகள் அதில் உள்ளன. 2013 ஜூலை 3-ஆம் நாள் கோலாலம்பூர்ச் சீன அசெம்பிளி மண்டபத்தில் 'கோமாஸ்' அமைப்பு அதைத் திரையிட்டது. அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்றி மீது வழக்குத் தொடரப்பட்டது. 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைத் திரையிடுவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம். 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கீழ்நீதிமன்றம் 2016-இல் அவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் எதிர்வாதம் செய்யும்படி திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. படம் சொல்வது மெய்யா பொய்யா என்பதல்ல வழக்கு; அனுமதி இருந்ததா என்பதே.

தணிக்கைக்கு ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல இனம் வாழும் நாட்டில் வீண் வெறியைக் கிளப்பும் படமும் வரலாம். ஆனால், நாம் எதைத் தாங்குவோம் என்று வேறொருவர் தீர்மானிக்கும்போது, நாம் அந்தச் சோதனைக்கு உட்படுவதே இல்லை.

கதவு முழுக்க அடைத்தே கிடந்தது என்றும் சொல்ல முடியாது. 2018 மே 9-ஆம் தேதிப் பொதுத்தேர்தலைப் பற்றிய 'எம் ஃபார் மலேசியா' 2019 செப்டம்பரில் நம் திரையரங்குகளில் ஓடியது. ஆஸ்கார் போட்டிக்கும் மலேசியாவின் படமாக அனுப்பப்பட்டது. இயக்கிய இருவரில் ஒருவர் மகாதீரின் பேத்தி. ஆகவே, அதைப் பார்ப்பவர் கேமரா யார் பக்கம் நிற்கிறது, யாரைப் பேசவிடவில்லை என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். திடலில் பாய் விரித்துப் பார்த்த நம் பெரியவர்கள் சிலர் அன்றே அப்படிக் கேட்டிருப்பார்கள். வண்டிக்காரரிடம் அல்ல, வீடு திரும்பும் வழியில், தங்களுக்குள் மெதுவாக.