உண்மையைச் சொன்னால் விடுதலை

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்ததும், கொலை செய்தவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1995-ல் வந்த சட்டம் ஒரு பேரத்தை முன்வைத்தது. குற்றம் அரசியல் நோக்கம் கொண்டதாக இருக்க வேண்டும். நடந்ததை உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். சொன்னால் மன்னிப்பு: வழக்கும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. வருந்த வேண்டும் என்றுகூட நிபந்தனை கிடையாது.

போலீஸ் காவலில் அடிபட்டு 1977-ல் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் மனைவி உள்ளிட்டோர் இதை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996-ல் தோற்றார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையையே அரசு அவர்களிடமிருந்து பறித்துவிட்டதே!

ஆனால் மன்னிப்பு எல்லோருக்கும் வாரி வழங்கப்படவில்லை. 7,000-க்கும் அதிகமான விண்ணப்பங்களில் 849 மட்டுமே ஏற்கப்பட்டன. பிகோவைத் தாக்கிய போலீஸார், கைகலப்பில் தற்செயலாக நேர்ந்த மரணம் என்றார்கள்; 1999-ல் அவர்களுக்கு மன்னிப்பு மறுக்கப்பட்டது. நிறவெறி எதிர்ப்புத் தலைவர் கிறிஸ் ஹானியைக் கொன்ற இருவருக்கும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

இந்த ஏற்பாடு சறுக்கியது அதற்குப் பிறகுதான். மன்னிப்புப் பெறாதவர்கள்மேல் வழக்கு பாய்ந்தால்தான் உண்மையைச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கும். உண்மை ஆணையம் அரசு வழக்கறிஞர்களிடம் ஒப்படைத்த நூற்றுக்கணக்கான வழக்குகளில் மிகச் சிலவே நீதிமன்றத்தை எட்டின. அவற்றை முடக்கியது யார் என்று விசாரிக்க, 2025-ல்தான் அதிபர் ரமபோசா ஓர் ஆணையம் அமைத்தார்.