பூச்சியை ஒருவர், நீரை ஒருவர்: பக்கத்து வயல்காரர்களின் கூட்டுக் கண்காணிப்பு

ஏரிப் பாசனமுள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்ற ஊழியரைப் பழைய விவசாயிகள் நன்கு அறிவர். சில ஊர்களில் இவர் நீர்ப்பாய்ச்சி எனப்படுகிறார். எந்த மடையை எவ்வளவு திறந்தால் கடைசி வயலுக்கு நீர் எட்டும், எந்த மேட்டு வயல் முதலில் காயும் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்கள் அதைக் கற்கவில்லை. அவரிடம் கேட்டால் தெரியும் என்பதை மட்டும் அறிந்திருந்தனர். அதற்காக அறுவடையில் அவருக்கு நெல் அளந்தனர்.

ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. யாருக்கு எது தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இம்முறையை நெற்பயிரின் மற்ற வேலைகளுக்கும் கடைப்பிடிக்கலாம்.

ஜாவா விவசாயிகளின் அனுபவம்

இந்தோனேசியாவில் 1970களிலும் 80களிலும் புகையான் தாக்கி நெற்பயிர் பெருமளவில் அழிந்தது. மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. காரணம், புகையானைத் தின்னும் சிலந்திகளும் நாவாய்ப்பூச்சிகளும் மருந்தில் மடிந்தன; இலையுறைக்குள் இடப்பட்ட புகையானின் முட்டைகளோ தப்பிப் பொரித்தன. 1986ல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989ல் ஜாவாவில் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின.

சுமார் 25 விவசாயிகள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து, வாரம் ஒரு முறை வயலில் இறங்கினர். கண்ட பூச்சிகளை எண்ணி, பெரிய தாளில் பயிரை வரைந்து, தீமை செய்யும் பூச்சிகளையும் நன்மை செய்யும் பூச்சிகளையும் குறித்தனர். பிறகு ஒவ்வொரு குழுவும் மற்றவர்கள் முன் விளக்கியது. மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதைக் கூடிப் பேசி முடிவு செய்தனர். இத்தகைய பள்ளிகள் பின்னர் தமிழ்நாட்டிலும் நடத்தப்பட்டன.

வேலையைப் பங்கிடும் விதம்

அடுத்தடுத்து வயல் உள்ள ஐந்து பேர் சேர்ந்தால் போதும். நாற்று விடும் முன்பே கூடி, யார் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பூச்சி பார்ப்பவர்: வாரம் ஒரு முறை ஐவர் வயலிலும் சாய்வாக நடந்து, பல இடங்களில் குத்துக்களின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்க வேண்டும். புகையான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் இருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. தூருக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம்.

இலை நிறம் பார்ப்பவர்: நட்ட 14ஆம் நாள் முதல் பூக்கும் வரை, 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள் இலை வண்ண அட்டையுடன் 10 இலைகளை ஒப்பிட வேண்டும். அட்டையில் நேர் வெயில் படக்கூடாது. ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண் நிறத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டுமே யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு இந்த எண் 3 ஆகும். தழைச்சத்து மிகுந்த வயலில்தான் புகையான் அதிகம் பெருகும் என்பதால், இவருடைய கணக்கு பூச்சி பார்ப்பவருக்கும் உதவும்.

நீர் பார்ப்பவர்: தேங்கிய நீர் மறைந்த பின் 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டுவது பொதுவான முறை. புகையான் தென்பட்டால் நீரை வடிக்கும் பொறுப்பும் இவருடையது. மருந்து தெளிக்க நேர்ந்தால், முன்னதாக நீரை வடித்துவிட்டு, தூரின் அடியில் படுமாறு தெளிக்க வேண்டும்.

நான்காமவர் விதை, நாற்றங்கால் வேலையையும், ஐந்தாமவர் இடுபொருள் விலை, நெல் விலை, வரவு செலவுக் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம்.

நம்பிக்கைக்கும் காவல் வேண்டும்

இம்முறையில் ஆபத்தும் உண்டு. பூச்சி பார்ப்பவர் உறவினர் திருமணத்துக்கு வெளியூர் சென்று வரும் சில நாட்களில் வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்துவிடலாம். மற்ற நால்வரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்தால், போவது ஐந்து வயல் நெல். எனவே ஒவ்வொரு வேலைக்கும் இரண்டாம் ஆள் ஒருவரைப் பழக்கி வைப்பது அவசியம். பழைய நீர்க்கட்டிகள் பலர் தம் பிள்ளைகளுக்கு வேலையைக் கற்றுக் கொடுக்காமல் மறைந்ததால், அவர்கள் அறிந்ததும் அவர்களோடு போயிற்று.

"பூச்சி இருக்கிறது" என்று வாயால் சொன்னால் போதாது. எந்த வயல், எத்தனை குத்து, எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். எண்ணிக்கை இருந்தால் மற்றவர்கள் சரிபார்க்க முடியும். தம் வயலை மட்டும் கவனித்தார் என்ற மனத்தாங்கலும் எழாது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்வது மிக முக்கியம். இனம் தெரியாத பூச்சியைக் கண்டால், ஊகத்தில் மருந்துக் கடைக்குப் போகாமல், தூரோடு பிடுங்கிக் கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்ட வேண்டும். அங்கு போய் வருபவர் கேட்டதை மற்ற நால்வருக்கும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2017-18ல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில், 20 சிறு, குறு விவசாயிகளைக் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்கள் அமைக்கப்பட்டன. அத்தகைய குழு உள்ள ஊர்களில் இவ்வேலைப் பங்கீடு எளிது. குழு இல்லாவிட்டாலும் குறையில்லை. புகையானுக்கு வரப்பு தெரியாது. ஒருவர் வயலில் பெருகியது அடுத்த வயலுக்கும் போகும். ஆகவே ஒரே வாய்க்காலில் நீர் பாயும் ஐந்து பேர், அடுத்த பட்டத்துக்கு நாற்று விடும் முன் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து வேலையைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. இதற்குச் செலவு ஒரு நோட்டும் ஓர் இலை வண்ண அட்டையும்தான்.