எம் 87: நீள்வட்ட விண்மீன் திரள்

விண்மீன் திரள்களை அவற்றின் வடிவம் நோக்கிச் சுருள் திரள், நீள்வட்டத் திரள், ஒழுங்கற்ற திரள் என வானியலார் வகைப்படுத்துவர். நாம் வாழும் பால்வெளி சுருள் வகையைச் சார்ந்தது. நீள்வட்ட வகைக்குச் சிறந்த சான்றாக விளங்குவது எம் 87.

பிரான்சு நாட்டு வானியலாளர் சார்லஸ் மெசியர், வால்மீன்களைத் தேடுவோர்க்கு மயக்கம் தரும் மங்கலான வான்பொருள்களைப் பட்டியலிட்டு வந்தார். 1781ஆம் ஆண்டு அப்பட்டியலில் 87ஆவதாகச் சேர்க்கப்பட்டமையால் இத்திரள் இப்பெயர் பெற்றது. கன்னி விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இஃது அமைந்துள்ளது. இன்று நம்மை வந்தடையும் இதன் ஒளி, மனித இனம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே புறப்பட்டதாகும்.

எம் 87இல் சுருள் கைகள் இல்லை. ஏறக்குறைய உருண்டையாகவே அது தோன்றுகிறது. புதிய விண்மீன்கள் பிறப்பதற்குக் குளிர்ந்த வாயு தேவை. அஃது இங்கு மிகக் குறைவு. ஆதலால், முதுமையடைந்த விண்மீன்களே மிகுதியாக உள்ளன. திரளும் மஞ்சள் நிறமாகக் காட்சியளிக்கிறது. பால்வெளியைச் சுற்றி ஏறத்தாழ 150 கோள வடிவ விண்மீன் கொத்துகள் உள்ளன. எம் 87ஐச் சுற்றியோ 10,000க்கும் மேற்பட்டவை உள்ளன.

அமைதியாகத் தோன்றும் இத்திரளின் ஒளிப்படங்களில் அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் 1918ஆம் ஆண்டு ஒரு வியப்பைக் கண்டார். திரளின் மையத்திலிருந்து மெல்லிய ஒளிக்கோடு ஒன்று நேராக நீண்டிருந்தது. அதன் காரணத்தை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். எனினும், கண்டதைக் கண்டவாறே அவர் பதிவு செய்தார்.

அக்கோடு ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் துகள்களின் தாரை என்பது பின்னர்ப் புலனாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு. மையத்தில் உள்ள கருந்துளையே அதற்குக் காரணம். கருந்துளைக்குள் சென்ற ஒளியும் மீளாது எனில், தாரை எவ்வாறு வெளிவருகிறது? கருந்துளையை நோக்கி ஈர்க்கப்படும் வாயு, அதனைச் சுற்றி வட்டாகச் சுழல்கிறது. அவ்வாயுவில் ஒரு பகுதி உள்ளே விழுமுன்னரே காந்தப்புலங்களால் வெளியே வீசப்படுகிறது. அதுவே தாரையாகிறது.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், உலகின் பல இடங்களிலுள்ள வானொலித் தொலைநோக்கிகள் ஒருங்கிணைந்து இம்மையத்தை நோக்கின. அவற்றின் தரவுகளிலிருந்து உருவாக்கப்பட்ட படம் 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிடப்பட்டது. ஒளி வளையமும் அதன் நடுவே கருநிழலும் அதில் தெரிந்தன. மனிதர் பெற்ற முதல் கருந்துளைப் படம் அதுவே. அக்கருந்துளையின் நிறை, சூரியனைப் போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு.

கர்ட்டிஸ் குறித்த கோட்டின் ஊற்றுக்கண்ணை உலகம் காண 101 ஆண்டுகள் ஆயின. விளங்கவில்லை என்று விட்டுவிடாமல், கண்டதை உள்ளவாறு எழுதி வைப்பதும் அறிவியல் பணியே ஆகும்.